மான்குட்டியும் பக்கத்து வயலும்

கேள்வி:

மிருக டொக்டர் ஐயாவுக்கு வணக்கம். எங்கள் வீடு ஒட்டுசுட்டான் பக்கம், காட்டோரம். போன தை மாதம் என் கணவர் விறகுக்குப் போன இடத்தில் பெண் மான் ஒன்று கட்டுத்துவக்கில் (மிருகம் தட்டினால் தானாக வெடிக்கிற பொறி) வெடிபட்டுச் செத்துக் கிடந்தது. குட்டி பக்கத்தில் நின்று கத்திக்கொண்டிருந்ததாம். விட மனமில்லாமல் தூக்கி வந்துவிட்டார். ஆட்டுப்பால் பருக்கி வளர்த்தோம். எட்டு வயது மகள்தான் அதற்கு எல்லாம். இப்போது கொம்பு முளைக்கத் தொடங்கிவிட்டது. எங்களிடம் எட்டு மாடும் நாலு ஆடும் ஒரு நாயும் உண்டு. முந்தநாள் இரண்டு மாடுகள் கட்டை அறுத்துக்கொண்டு பக்கத்து அண்ணையின் வயலுக்குள் இறங்கிவிட்டன. குடலைப் பருவப் பயிர். அவர் மாடுகளைப் பிடித்துக் கட்டிவைத்துக்கொண்டு முப்பதாயிரம் ரூபா கேட்கிறார். தராவிட்டால் மான் வளர்ப்பதை வனஜீவராசிகள் திணைக்களத்துக்குச் சொல்லுவேன் என்கிறார். கதைக்கப் போன இடத்தில் எங்கள் நாய் அவருடைய மகனின் காலில் பல்லை வைத்துவிட்டது. மான் வளர்ப்பது குற்றமா? லைசன்ஸ் எடுக்க வழி உண்டா? மாட்டைக் கட்டிவைக்க அவருக்கு உரிமை இருக்கிறதா? எட்டில் மூன்று மாட்டுக்கு எங்களிடம் உரித்துத் துண்டு இல்லை. அதுவும் பயமாக இருக்கிறது.

பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

பிள்ளை, ஒரே ஒரு வரியில் எழுதிவிட்டுத் தாண்டிப் போன விஷயத்தை நான் முதலில் எடுக்கிறேன். நாய்க் கடி. மானுக்கும் மாட்டுக்கும் நாளை என்று ஒரு நாள் இருக்கிறது, இதற்கு இல்லை. அந்தப் பையனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார்களா என்று இப்போதே கேளுங்கள். போகவில்லை என்றால் இந்தக் கடிதத்தை மடித்து வைத்துவிட்டுப் போய்ச் சொல்லுங்கள். நாய்க் கடி பட்டால் அந்த இடத்தைச் சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவ வேண்டும். அப்புறம் அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ஊசி வேண்டுமா இல்லையா என்று அங்கே இருக்கும் டொக்டர் சொல்லுவார். ‘சின்னக் கீறல்தானே, மஞ்சள் பூசினால் காணும்’ என்று இருந்துவிடக் கூடாது. விசர்நாய் நோய் வெளிப்பட்டுவிட்டால் அதற்குப் பிறகு காப்பாற்ற மருந்து கிடையாது.

நாயை அடிக்கவும் வேண்டாம், காட்டில் கொண்டுபோய் விடவும் வேண்டாம். கட்டிவைத்து, சாப்பாடும் தண்ணீரும் கொடுத்து 14 நாள் பாருங்கள். அது செத்தாலோ காணாமல் போனாலோ டொக்டர்மாருக்கு உதவுகிற ஒரே சாட்சி போய்விடும். குரல் மாறினால், எச்சில் வடிந்தால், சாப்பாட்டை விட்டால், தடியையும் கல்லையும் கடித்தால், உடனே ஆஸ்பத்திரிக்கும் கால்நடை வைத்திய அலுவலகத்துக்கும் சொல்லுங்கள். அதற்குள் செத்தால் புதைக்காதீர்கள். தலையை ஐஸில் வைத்துக் கொழும்பு மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்துக்குப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். அதை எப்படிச் செய்வது என்று கால்நடை வைத்திய அலுவலகத்தில் காட்டித் தருவார்கள்.

நாய் வளர்ப்பதற்கு இந்த நாட்டில் 1893ஆம் ஆண்டின் விசர்நாய் நோய்க் கட்டளைச் சட்டமும் 1901ஆம் ஆண்டின் நாய்கள் பதிவுக் கட்டளைச் சட்டமும் இருக்கின்றன. நூறு வருடத்துக்கு மேல் பழையவை, ஆனால் செத்துப்போகவில்லை. வருடா வருடம் தடுப்பூசி போட வேண்டும், பிரதேச சபையில் பதிய வேண்டும். ஊசி அட்டை இருந்தால் இன்றைக்கே அதை எடுத்துப் பையனின் தாயிடம் காட்டுங்கள், அந்தத் தாய்க்கு அது பெரிய ஆறுதல். வளர்ப்பு மிருகம் பிறருக்குச் செய்த கேட்டுக்குச் சொந்தக்காரரே பொறுப்பு என்பது நம்முடைய நீதிமன்றங்கள் பின்பற்றுகிற ரோமன் டச்சுச் சட்டத்திலும் உண்டு. ‘நான் ஏவிவிடவில்லையே’ என்று சொல்லி அதிலிருந்து தப்புவது கடினம். ஊசி அரசாங்க ஆஸ்பத்திரியில் இலவசம். போய்வரும் ஓட்டோக் காசை நீங்களே கொடுங்கள். கேட்கும் வரை காத்திருக்காதீர்கள்.

இனி மான்.

குற்றம்தான், பிள்ளை. 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கத் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் பல தடவை திருத்தப்பட்டது. 2009இல் பெரிய திருத்தம் ஒன்று வந்தது. அதன்படி பாதுகாக்கப்பட்ட காட்டு விலங்கைக் கொல்லுவது மட்டும் குற்றமல்ல. பிடிப்பதும் குற்றம், வைத்திருப்பதும் குற்றம், உயிரோடு என்றாலும் இறைச்சி, தோல், கொம்பு என்றாலும் குற்றம். புள்ளிமானும் மரையும் அழுங்கும் உடும்பும் நட்சத்திர ஆமையும் மயிலும் கடலாமையும் இதற்குள் அடங்கும். தண்டப்பணமும் உண்டு, மறியலும் உண்டு. இரக்கப்பட்டுத் தூக்கினேன் என்பது உங்கள் மனதுக்கு நியாயம், எனக்கும் விளங்குகிறது. சட்டப் புத்தகத்தில் அப்படி ஒரு விலக்கு இல்லை. லைசன்ஸ் கேட்டிருந்தீர்கள். வீட்டில் செல்லமாக வளர்க்க என்று மானுக்கு லைசன்ஸ் கொடுப்பதில்லை. எவராவது எடுத்துத் தருகிறேன் என்று காசு கேட்டால் நம்ப வேண்டாம்.

மாட்டுக்கும் மானுக்கும் சட்டம் போடுகிற கோடு இதுதான். மாடு உங்கள் சொத்து. விற்கலாம், வாங்கலாம், அது செய்த அழிவுக்குக் காசு கட்டலாம். மான் எவருடைய சொத்தும் அல்ல. பாலூட்டி வளர்த்தாலும், பெயர் வைத்தாலும், உங்கள் பிள்ளையின் கையை நக்கினாலும் அது உங்களுடையதாக மாறாது. எங்கள் ஊர்களில் இந்தக் கோடு நெடுகலும் மங்கலாகத்தான் இருந்திருக்கிறது. மயில் முட்டையைப் பொறுக்கி வந்து கோழியில் அடை வைத்த ஆட்கள் இல்லாத கிராமம் வன்னியில் இல்லை. அந்தக் குஞ்சு கோழிக்குப் பின்னால் முற்றத்தில் திரியும், பிள்ளைகள் இறகு பொறுக்குவார்கள், ஒருவரும் அதைத் திருட்டு என்று நினைப்பதில்லை. நட்சத்திர ஆமையை வீட்டுக்குச் செல்வம் வரும் என்று பெட்டியில் வைத்துச் சோறு போடுகிறவர்களைக் கண்டிருக்கிறேன். சோறும் பாலும் தின்ற ஆமையின் ஓடு மேடும் பள்ளமுமாக, கையால் அமத்தினால் உள்ளே போகிற மாதிரி மெதுமையாக இருக்கும். அது கல்சியம் இல்லாமல், வெயில் இல்லாமல், மெல்ல மெல்லச் சாகிற ஓடு. வைத்திருப்பவருக்கு அது தெரியவே தெரியாது. ஆமை கத்தாது.

உங்கள் மான் விஷயத்தில் சட்டத்தை விட எனக்குப் பெரிய பயம் அந்தக் கொம்புதான். நான் வேலைக்கு வந்த புதிதில் ஒரு வீட்டுக்குக் கூப்பிட்டார்கள். மாட்டுக்குச் சுகமில்லை என்றுதான் சொன்னார்கள். போய்ப் பார்த்தால் மாடு சுகமாக நிற்கிறது. வீட்டுக்காரர் திண்ணையில் சாய்ந்து படுத்திருக்கிறார், தொடையில் சாரத்தைக் கிழித்துக் கட்டியிருக்கிறார், துணி முழுக்க இரத்தம். அவர் போத்தலில் பால் கொடுத்து வளர்த்த கலைமான் குத்தியது. முதல்நாள் வரை அவர் கையால் பாலைப்பழம் தின்ற மிருகம். ஆஸ்பத்திரிக்குப் போனால் கேள்வி வரும் என்று பயந்து மாட்டு டொக்டரைக் கூப்பிட்டிருக்கிறார்கள். நான் காயத்தைக் கழுவி, கட்டி, என் வாகனத்திலேயே ஏற்றி ஆஸ்பத்திரியில் விட்டேன். குத்து இரண்டு விரல் அகலம் தள்ளிப் பட்டிருந்தால் பெரிய இரத்தக் குழாய்.

காட்டில் வளரும் ஆண் மான் மனிதனைக் கண்டால் ஓடும். கையால் வளர்த்த மானுக்கு அந்தப் பயம் போய்விடும். கொம்பு வளர்ந்து, மேலே இருக்கிற மயிர்த்தோல் உரிந்து, இணை தேடும் பருவம் வரும்போது அது எதிர்ப்படுகிற மனிதரைத் தன்னோடு போட்டிக்கு வந்த இன்னொரு கலைமானாகவே பார்க்கும். அதற்குக் கோபமோ நன்றி கெட்ட தன்மையோ கிடையாது, அதன் இயல்பு அது. உங்கள் வீட்டில் அதற்கு முன்னால் நிற்கப்போவது எட்டு வயதுப் பிள்ளை. இப்போது கொம்பு தொட்டால் சூடாக, வெல்வெட் துணி மாதிரி இருக்கும். மகள் அதைத் தடவி விளையாடிக்கொண்டிருப்பாள். இன்றோடு அதை நிறுத்துங்கள்.

அப்படியென்றால் காட்டில் விட்டுவிடலாமா என்று உங்கள் கணவர் யோசிப்பார். வேண்டாம். நாயோடு படுத்து எழும்பிய மானுக்கு நாயைக் கண்டால் ஓடத் தெரியாது. ஆளைக் கண்டால் தீன் தருவார் என்று கிட்டப் போகும். தாய்க்குக் கட்டுத்துவக்கு வைத்த ஆளுக்கு வெடி வைக்கிற வேலை கூட இருக்காது. இன்னொன்று: மாட்டுக் கொட்டிலில் வளர்ந்த மானுக்குக் கால்வாய் நோய் (காலிலும் வாயிலும் புண் போடுகிற நோய்) தொற்றியிருந்தால் அதைக் காட்டிலுள்ள மான் கூட்டத்துக்கும் மரைக்கும் கொண்டுபோகும். அங்கிருந்து திரும்பவும் உங்கள் பட்டிக்கு வரும். எங்கே விடுவது, எப்போது விடுவது என்பதைத் திணைக்களத்து மிருக வைத்தியர் தீர்மானிக்கட்டும்.

செய்ய வேண்டியது இதுதான். வனஜீவராசிகள் திணைக்களத்தின் 1992 என்ற அவசர இலக்கத்துக்கு நீங்களே எடுங்கள். அதற்கு முன் கிராம அலுவலரிடம் போய், எப்போது, எங்கே, எந்த நிலையில் குட்டியைக் கண்டோம், இப்போது ஒப்படைக்க விரும்புகிறோம் என்று எழுதிக் கொடுத்து ஒரு பிரதி வாங்கி வைத்திருங்கள். முடிந்தால் ஒரு சட்டத்தரணியிடமும் காட்டுங்கள். நான் மிருக வைத்தியன், வழக்கு என்று வந்தால் உங்களுக்காகப் பேச வேண்டியவர் அவர். தானாக ஒப்படைத்தால் குற்றம் இல்லை என்று சட்டத்தில் எழுதியிருக்கவில்லை. ஆனால் தானாக வந்து சொன்னவரையும் தேடிப் பிடிபட்டவரையும் ஒரே கண்ணால் பார்த்த அதிகாரியை நான் என் சேவைக் காலத்தில் காணவில்லை.

மானை நீங்கள் கட்டித் தூக்கி ரக்ரரில் ஏற்றிக்கொண்டு போகாதீர்கள். வழியில் மறித்தால் அது கடத்தல் மாதிரித்தான் தெரியும். அதைவிட முக்கியம், மான் செத்துப்போகும். துரத்திப் பிடித்து, நாலு காலையும் சேர்த்துக் கட்டிய மானின் தசை பயத்திலேயே பழுதாகத் தொடங்கும். அன்றைக்கு எழும்பி நிற்கும், இரண்டு மூன்று நாளில் பின்னங்கால் இழுத்து, சிறுநீர் கோப்பி நிறமாகப் போய்ச் சாகும். பிடித்தவர்கள் ‘ஒன்றும் செய்யவில்லையே, சும்மா செத்துவிட்டது’ என்பார்கள். அதிகாரிகள் வருகிற நாளில் காலையிலேயே அதை ஆட்டுக் கொட்டிலுக்குள் விட்டு, பக்கத்தைச் சாக்கால் மறைத்து இருட்டாக்குங்கள். நாயைத் தூரக் கட்டுங்கள். அயலாரைக் கூட்டாதீர்கள். பிடிக்கும்போது கண்ணைத் துணியால் மூடினால் அரைவாசிப் பயம் அடங்கும்.

இப்போது அந்த அண்ணையின் மிரட்டலுக்கு வருகிறேன். உங்கள் வீட்டில் ஒன்றோடொன்று சம்பந்தமில்லாத இரண்டு கணக்குகள் இருக்கின்றன. மான் கணக்கு உங்களுக்கும் அரசாங்கத்துக்கும் நடுவில். வயல் கணக்கு உங்களுக்கும் அந்த அண்ணைக்கும் நடுவில். அவர் இரண்டையும் ஒரு கயிற்றில் கட்டிவிட்டார். நீங்களும் பயத்தில் அதைக் கட்டியபடியே எனக்கு எழுதியிருக்கிறீர்கள். மானுக்காகப் பயந்து முப்பதாயிரத்தைக் கொடுத்தால் அடுத்த போகத்துக்கும் அவர் அதே மானைக் காட்டுவார். குற்றத்தைச் சொல்லிவிடுவேன் என்று பயமுறுத்திக் காசு வாங்குவதே தண்டனைச் சட்டக்கோவையில் ஒரு குற்றம். ஆனால் நீங்கள் அதைப் பிடித்துக்கொண்டு பொலிசுக்கு ஓட வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். நாளைக்கும் அவர்தான் உங்கள் வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கப்போகிறார். மானை ஒப்படையுங்கள். அந்தக் கயிறு தானாக அறுந்துவிடும். மிச்சம் இருப்பது வயல். வயலில், பிள்ளை, அவர் பக்கம் நியாயம் இருக்கிறது.

குடலைப் பருவம் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். பயிர் சின்னதாக, தூர் கட்டுகிற நேரம் மாடு கடித்திருந்தால் தண்ணீரும் யூரியாவும் கொடுத்தால் திரும்பத் தளிர்க்கும். குடலையில் கதிர் உள்ளே உருண்டு நிற்கிறது. மாடு ஒரு வாய் இழுத்தால் ஒரு கதிர் போய்விடும், அந்தத் தூர் இந்தப் போகத்துக்கு இனி வராது. விதைத்து, எண்ணெய் அடித்து, பசளைக்குக் கடன்பட்டு, இரவில் பன்றிக்கும் யானைக்கும் காவல் இருந்து காப்பாற்றிய பயிர். அவருடைய கோபத்தை அந்த இடத்தில் இருந்து பாருங்கள்.

மாட்டைப் பிடித்துக் கட்ட அவருக்கு உரிமை உண்டு. 1876ஆம் ஆண்டின் கால்நடை அத்துமீறல் கட்டளைச் சட்டம் அந்த உரிமையைக் காணிக்காரருக்குக் கொடுக்கிறது. ஆனால் பிடித்தவர் சும்மா கட்டிவைத்திருக்க முடியாது. அதிகாரிக்கு உடனே அறிவிக்க வேண்டும். அழிவை அவரே மதிப்பிட முடியாது, அதற்கென்று ஆட்கள் வந்து பார்த்து மதிக்க வேண்டும். கட்டிவைத்திருக்கிற நாளில் தீனும் தண்ணீரும் கொடுக்க வேண்டும், ஏனென்றால் பட்டினி போடுவதும் அடிப்பதும் 1907ஆம் ஆண்டின் விலங்குகளுக்குக் கொடுமை செய்வதைத் தடுக்கும் கட்டளைச் சட்டத்தின் கீழ்க் குற்றம். அந்தச் சட்டத்தில் தண்டப்பணம் இன்னும் நூறு ரூபாவில்தான் நிற்கிறது. புதிய விலங்கு நலச் சட்டம் ஒன்றை 2006இல் சட்ட ஆணைக்குழு வரைந்து கொடுத்தது. வரைந்தது வரைந்தபடியே கிடக்க, நூறு ரூபாச் சட்டத்தோடு இத்தனை வருடம் ஓடிவிட்டது. இதை நினைக்கும்போது எனக்கு மனம் பொறுப்பதில்லை. ஆனால் மாட்டுக்கு வெட்டுப் போட்டால் கதை வேறு. அது தண்டனைச் சட்டக்கோவைக்குப் போகும், மறியல் வரைக்கும் போகலாம். வயலில் இறங்கிய மாட்டின் பின்னங்கால் நரம்பைக் கத்தியால் வெட்டிவிட, சொந்தக்காரர் வண்டிலில் ஏற்றிக்கொண்டு வந்த மாடுகளை நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். அந்த நரம்பு அறுந்த மாடு எழும்பாது. கண் மட்டும் எங்களையே பார்த்துக்கொண்டிருக்கும். உங்கள் அண்ணை கட்டி மட்டும்தான் வைத்திருக்கிறார். அதற்கு நீங்கள் நன்றி சொல்ல வேண்டும்.

ஆகவே கிராம அலுவலரையும் கமக்காரர் அமைப்புத் தலைவரையும் கூட்டிக்கொண்டு வயலுக்குப் போங்கள். வரம்பில் நின்று எத்தனை பரப்பு அழிந்தது, அதில் எத்தனை மூடை வந்திருக்கும் என்று கணக்குப் பார்க்கட்டும். காலபோகக் (மாரி மழையில் செய்கிற பெரும்போகம்) கூட்டத்தில் விதைப்புத் திகதியோடு சேர்த்து, மாடுகளை வயற்பக்கம் இருந்து அப்புறப்படுத்த வேண்டிய கடைசித் திகதியும் தீர்மானிப்பார்கள். பல இடங்களில் தலைக்கு இவ்வளவு தண்டம் என்றும் முடிவெடுப்பார்கள். அந்தத் தீர்மானத்துக்குச் சட்ட வலு உண்டு, கையைத் தூக்காத ஆளையும், கூட்டத்துக்கே வராத ஆளையும் அது கட்டும். உங்கள் கூட்ட அறிக்கையைக் கமநல சேவை நிலையத்தில் கேட்டு வாங்கிப் பாருங்கள். மதிப்பு முப்பதாயிரத்துக்குக் குறையலாம், கூடவும் செய்யலாம். எவ்வளவு வந்தாலும் எழுத்தில் வாங்கி, கட்டி, ரிசீற் எடுத்து, மாட்டை அவிழ்த்துக்கொண்டு வாருங்கள். ஒரேயடியாகக் கொடுக்க முடியாவிட்டால் அறுவடை வரை தவணை கேளுங்கள். அல்லது நெல்லாகக் கொடுங்கள். வன்னியில் அப்படித் தீர்ந்த பிணக்குகள் நீதிமன்றம் போய்த் தீர்ந்தவற்றை விடக் கூட.

இதை எழுதும்போது மாட்டுக்காரர் பக்கமும் என் மனம் போகிறது. காலபோகம் என்றால் முன்பு பட்டியைக் காட்டுக்குள் சாய்த்துக்கொண்டு போய்விடுவார்கள், அறுவடை முடிந்துதான் திரும்பும். இன்றைக்கு ஒதுக்குக் காட்டுக்குள் மாடு மேய்த்தால் 1907ஆம் ஆண்டின் வனச் சட்டத்தின் கீழ்க் குற்றம். வனவளத் திணைக்களத்தின் எல்லைக் கல் ஊர் வாசல் வரை வந்த இடங்களும் உண்டு. சுண்டிக்குளமும் மடு றோட்டும் 2015இல் தேசியப் பூங்காக்கள் ஆயின, அங்கேயும் வளர்ப்பு மிருகம் போகக் கூடாது. வயலுக்குள் விட்டால் நட்டஈடு. றோட்டில் விட்டால் கட்டாக்காலி என்று பிரதேச சபை பிடிக்கும், தண்டமும் பராமரிப்புக் காசும் கட்டாவிட்டால் ஏலத்தில் போடும். இரவில் தார் றோட்டுச் சூட்டுக்கு ஏ-9இல் வந்து படுக்கிற மாடுகள் லொறியில் அடிபடுகின்றன. தண்டவாளத்து மேட்டில் நிற்கிற மாடுகளை ரயில் ஒரேயடியாக வாரிக்கொண்டு போகிறது. காட்டை மூடியதில் நியாயம் இருக்கிறது. ஆனால் மூடியவர்கள் மாட்டுக்கு ஒரு மேய்ச்சல் தரையையும் எல்லை போட்டுக் கொடுத்திருக்க வேண்டும். இதைக் கால்நடை வளர்ப்போர் சங்கம் மூலம் பிரதேச செயலாளரிடம் எழுத்தில் கேளுங்கள், மாவட்ட விவசாயக் குழுக் கூட்டத்துக்குக் கொண்டுபோகச் சொல்லுங்கள். வாயால் கேட்டது பதிவில் நிற்காது.

அதுவரை எட்டு மாட்டையும் கட்டித் தீன் போடலாம். கிணற்றடியில் கோ-3 என்கிற தீவனப் புல் கொஞ்சம் நடுங்கள். வைக்கோல் 100 கிலோவுக்கு 4 கிலோ யூரியாவை 100 லீற்றர் தண்ணீரில் கரைத்துத் தெளித்து, பொலித்தீனால் காற்றுப் போகாமல் மூடி மூன்று கிழமை வைத்துக் கொடுத்தால் மாடு நன்றாகத் தின்னும். கரைத்த வாளியை மாடு எட்டுகிற இடத்தில் வைக்காதீர்கள். யூரியாத் தண்ணீரைக் குடித்த மாட்டுக்கு நான் வந்து சேருவதற்குள் முடிந்துவிடும்.

துண்டு இல்லாத மூன்று மாடுகளைப் பற்றி. 1958ஆம் ஆண்டின் 29ஆம் இலக்க விலங்குகள் சட்டம்தான் இந்த விஷயத்துக்கு அடிப்படை. மாட்டுக்குப் பதிவு, அடையாளம், கைமாறும்போது உரித்துத் துண்டு, இடம் மாற்றும்போது அனுமதி, எல்லாம் அதிலிருந்து வருகின்றன. துண்டின் அருமை போர் முடிந்த 2009க்குப் பிறகு எங்களுக்குத் தெரிந்தது. இடம்பெயரும்போது கட்டை அவிழ்த்துவிட்டுப் போன மாடுகள் காட்டில் பெருகி நின்றன. திரும்பி வந்தவர்கள் ஒரே மாட்டுக்கு இரண்டு மூன்று பேர் உரிமை கேட்டார்கள். பழைய குறி இருந்த மாடு வீடு திரும்பியது, குறி இல்லாதது வலியவன் கையில் போனது. ஒரு அம்மா மாட்டின் தொடையில் மயிரை விலக்கி, தகப்பன் சுட்ட குறியைத் தடவிக் காட்டிவிட்டு அப்படியே அதன் மேல் சாய்ந்து அழுதது இன்றைக்கும் என் கண்ணில் நிற்கிறது.

அந்த மூன்றையும் உங்களுக்கு விற்றவர் இருக்கிறாரா? இருந்தால் அவரைக் கூட்டிக்கொண்டு கிராம அலுவலரிடம் போய், விற்றதையும் வாங்கியதையும் எழுதி உறுதிப்படுத்துங்கள். அதைக் கொண்டு கால்நடை வைத்திய அலுவலகத்தில் பதிந்து காதுக்கு அடையாளத் தோடு போடுவியுங்கள். அந்த நேரத்திலேயே கால்வாய் நோய்க்கும் ஊசி போடச் சொல்லுங்கள், ஒரே அலைச்சல். விற்றவரைக் கண்டுபிடிக்க முடியாவிட்டால், வேறு எவரும் உரிமை கேட்கவில்லை என்பதற்கு அயலாரின் சாட்சியோடு போங்கள். வயல் பிணக்கு தீருமுன் போவது நல்லது. இப்போது கட்டிவைத்திருக்கிற இரண்டில் ஒன்று துண்டில்லாத மாடாக இருந்தால் ‘உன் மாடு என்பதற்கு என்ன அத்தாட்சி’ என்ற கேள்வி வரும். துண்டில்லாமல் அவற்றை லொறியில் ஏற்றவோ விற்கவோ வேண்டாம். ஏற்ற வேண்டி வந்தால் உரித்துத் துண்டு, சுகாதாரச் சான்று, அனுமதிப் பத்திரம் மூன்றும் சாரதியின் கையில் இருக்கட்டும், பொழுதுபட முன்னர் போய்ச் சேருங்கள். நாலு ஆட்டுக்கும் பெரிதாக ஒன்றும் இல்லை. வேலி தாண்டாமல் பாருங்கள், போதும்.

மகளைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் எழுதுகிறேன். அவள் பள்ளிக்கூடம் போயிருக்கிற நேரம் பார்த்து மானை அனுப்பிவிடாதீர்கள். இரண்டு நாளுக்கு முன்பே சொல்லுங்கள். ‘பொலிஸ் பிடித்துக்கொண்டு போகுது’ என்று சொல்லாமல், கொம்பு வந்துவிட்டது, இனி அதற்குக் கூட்டம் வேண்டும் என்று சொல்லுங்கள். எட்டு வயதில் அது விளங்கும். வருகிற மிருக வைத்தியரிடம் நான் கேட்டேன் என்று சொல்லுங்கள், இவ்வளவு நாளும் என்ன தின்றது, எப்போது வயிறு பொருமியது, எதற்குப் பயப்படும் என்று அவளிடமே கேட்கட்டும். அந்த மானைப் பற்றி அவளை விட நன்றாகச் சொல்லக்கூடிய ஆள் அங்கே வேறு ஒருவரும் இருக்கப்போவதில்லை.